பாத்துக் குடுங்க

எங்கள் வீட்டுக் கொல்லையில் விளைந்ததற்கு முதன்முதலாகக் காசு வாங்கியது 2020 ஏப்ரலில். ஊரடங்கு நேரம். மதியம் ஒரு மணியோடு கடைகளை அடைத்துவிடுவார்கள். இரண்டு வீடு தள்ளியிருக்கும் டீச்சர், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "அக்கா, கத்திரிக்காய் இருக்குமா? சும்மா வேண்டாம், காசுக்குத்தான்" என்றார். அம்மா அரைக் கிலோ தேறும் அளவுக்குப் பறித்து முறத்தோடு சுவர்மேல் வைத்தாள். எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். கத்திரிச் செடியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்: "பாத்துக் குடுங்க."

டீச்சர் ஒரு ஐம்பது ரூபாய்த் தாளைச் சுவர்மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஓட்டுச்சில்லையும் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வரை அம்மா அதைத் தொடவில்லை. கொரோனா பயம் என்று நினைத்தேன். அது இல்லை. "அரைக் கிலோ கத்திரிக்காய்க்கு அம்பது ரூபாயாடி? அவ என்ன நெனப்பா?" என்று புலம்பினாள். மறுநாள் எதிர்வீட்டுக்காரர் அதே அளவு கத்திரிக்காய்க்குப் பத்து ரூபாய் கொடுத்தார். அதற்கும் அன்று முழுக்கப் புலம்பல்.

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மொத்த இடம் பதினோரு சென்ட். வீடு மூன்று சென்ட்டைப் பிடித்துக்கொள்ள, மீதி எட்டு சென்ட், அதாவது ஏறக்குறைய 3,500 சதுர அடி, கொல்லை. கிணறு உண்டு. முருங்கை இரண்டு: ஒன்று அப்பத்தா போத்து வெட்டி நட்ட மரமுருங்கை, இன்னொன்று செடிமுருங்கை. செடிமுருங்கை வேறு எங்கிருந்தும் வரவில்லை, பக்கத்துத் தோட்டக்கலைக் கல்லூரியில் 1989இல் வெளியிட்ட பி.கே.எம்-1 ரகம்தான். பெயரில் இருக்கும் பி.கே.எம். பெரியகுளம்தான் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அப்புறம் வாழைக்கட்டை நாலைந்து, ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் சேம்பு, வேலியில் கோவையும் பிரண்டையும், நடுவில் ஒரு பந்தல், மீதியில் கத்திரி, மிளகாய், கீரைப் பாத்தி. மணத்தக்காளியை யாரும் விதைப்பதில்லை. குருவி தின்று போடுகிற இடத்தில் அதுவாக வரும்.

இவ்வளவும் என் பிறப்புக்கு முன்பிருந்தே இருந்தாலும், அதுவரை எதுவும் விலைக்குப் போனதில்லை. முருங்கைக்காய் காய்த்தால் தெரு முழுக்கக் கொடுப்பது, பதிலுக்கு ஒரு வீட்டிலிருந்து மாங்காய், இன்னொரு வீட்டிலிருந்து பலகாரம் வருவது. இதுதான் வழக்கம். வீட்டில் காய்த்ததற்குக் காசு கேட்பது என்பது வந்த விருந்தாளியிடம் சாப்பாட்டுக்குக் காசு கேட்பது மாதிரி. அதனால்தான் அம்மாவுக்கு வாய் வரவில்லை.

"பாத்துக் குடுங்க" என்ற வார்த்தை பார்க்கத்தான் பணிவு. வீட்டுக்கு வந்து மின்விசிறி சரிசெய்கிறவர் சொல்லும்போது நமக்கு எப்படி வியர்க்கிறது? குறைத்துக் கொடுத்தால் கஞ்சன், கூடக் கொடுத்தால் ஏமாளி. விலையை முடிவுசெய்யும் பாரத்தை நம் தலையில் கட்டிவிட்டு அவர் நிம்மதியாக நிற்பார். அம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், தெரியாமலே. ஒரு மாதத்தில் தெருவில் இரண்டு மூன்று பேர் எங்கள் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். காய் பிடிக்காமல் இல்லை. எவ்வளவு கொடுப்பது என்று தெரியாத சங்கடம்.

நான் அப்போது கோயம்புத்தூர் கம்பெனி வேலையை லேப்டாப்பில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவு. சும்மா இருக்க முடியுமா? ஒரு நோட்டுப் போட்டேன், என் பள்ளிக்கூடத்துச் சிலேட்டைத் தேடி எடுத்துக் கேட்டில் மாட்டினேன். விலையை யார் முடிவுசெய்வது என்ற சிக்கலுக்கு உழவர் சந்தை கைகொடுத்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. விளைவித்தவரே வந்து இடைத்தரகு இல்லாமல் விற்பதும், மொத்த விலைக்கு மேலாகவும் கடை விலைக்குக் கீழாகவும் அன்றன்றைக்கு ஒரு விலையை முடிவுசெய்து பலகையில் எழுதிப் போடுவதும் அதன் ஏற்பாடு. அந்தப் பலகை விலையைக் காலையில் விசாரித்து அப்படியே எங்கள் சிலேட்டில் எழுதிவிடுவேன். யாராவது முகம் சுளித்தால், "சந்தை விலைங்க" என்று அம்மா சொல்லிக்கொள்ளலாம். குற்றம் அவள்மேல் இல்லை, சந்தைமேல்.

அங்கேயே போய் உட்கார்ந்து விற்கலாமே என்று ஆசைப்பட்டு ஒருமுறை விசாரித்தேன். உழவர் அட்டை வேண்டும், அதற்கு விளைநிலத்துக்கான சிட்டா, அடங்கல் வேண்டும். எங்களுடையது வீட்டுமனை. எட்டு சென்ட்டில் மணத்தக்காளி வளர்க்கிறவரை உழவர் என்று எந்தக் காகிதமும் சொல்லாது. அதுவும் சரிதான், இல்லையென்றால் வாங்கி விற்கிற வியாபாரிகளெல்லாம் நாலு தொட்டியைக் காட்டி அட்டை வாங்கிவிடுவார்களே.

விலை எழுதிப் போட்ட பிறகு விற்பனை ஓடியது. அப்போதுதான் விளைவிப்பதில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது புரிந்தது. அதாவது, சமைக்க விளைவிப்பது தெரியும், விற்க விளைவிப்பது தெரியாது. இரண்டும் வேறு வேறு.

கீரையைச் சொல்கிறேன். கீரை விதை கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும், அதனால் மணலோடு கலந்துதான் தூவ வேண்டும். தூவிய அன்றே எறும்பு வரிசை கட்டி வந்து விதையைத் தூக்க ஆரம்பிக்கும். அம்மா பாத்தியைச் சுற்றி ஒரு கைப்பிடி அரிசிக் குருணையைத் தூவி வைப்பாள். எறும்புகள் குருணையைச் சுமப்பதில் மும்முரமாக இருக்க, நாலைந்து நாளில் விதை முளைத்துவிடும். பூவாளியில் காலையும் மாலையும் தண்ணீர். இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் விற்பனை என்றதும் உற்சாகத்தில் நாலு பாத்தியிலும் ஒரே நாளில் முளைக்கீரை விதைத்துவிட்டோம். இருபத்து மூன்றாம் நாள் நாலு பாத்தியும் ஒன்றாகத் தயாராகி நின்றன. எங்கள் தெருவில் மொத்தமே பதினெட்டு வீடு. ஒரே நாளில் அறுபது கட்டுக் கீரையை யார் தின்பது? இரண்டு நாள் தள்ளினால் தண்டு முற்றிவிடும், பிடுங்கி வைத்தால் பத்து மணி வெயிலுக்கே துவண்டுவிடும். பாதிக் கீரை பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது. மாடு பார்த்தெல்லாம் கொடுக்காது.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு பாத்தி என்று மாற்றி விதைத்தோம். இரண்டு பாத்தியை அரைக்கீரைக்கு ஒதுக்கினோம், அதை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம், திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

முருங்கைக் கதை இன்னும் மோசம். மார்கழி, தை மாதங்களில் முருங்கைக்காய் கிலோ இருநூறைத் தாண்டும்போது எங்கள் மரத்தில் பெயருக்கு நாலு காய் தொங்கும். சித்திரையில் காய்த்துக் குலுங்கும்போது கிலோ பதினைந்துக்கும் ஆள் இருக்காது. ஏனென்றால் எங்கள் மரம் காய்க்கும்போது ஊரில் இருக்கிற எல்லா மரமும்தானே காய்க்கிறது. வாங்க வேண்டியவர்களின் கொல்லையிலும் அதே காய். இது கணக்குப் பிரிவில் பத்து வருஷம் வேலை பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா ஒரு யோசனை செய்தார். செடிமுருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்து நாலைந்து மாதத்தில் காய்க்கும். ஆகவே ஆவணியில் வெட்டினால் தையில் விலைக்குச் சரியாக வரும் என்று விரல்விட்டு எண்ணி வெட்டினார். மரம் சொன்னபடி கேட்டுப் பூவும் வைத்தது. ஐப்பசி கார்த்திகை மழை மொத்தப் பூவையும் கொட்டிவிட்டுப் போனது. தை மாதம் அப்பா வெறும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதத்தில் முருங்கைக்காய் ஏன் அந்த விலை விற்கிறது என்பதற்கு அவர் கண்ட விளக்கம் அதுதான்.

எலுமிச்சை மட்டும் ஒருமுறை எங்களைக் கைதூக்கிவிட்டது. 2022 கோடையில் நாடு முழுக்க எலுமிச்சை விலை ஏறி, ஒரு பழம் பத்து ரூபாய்க்கும் மேலே போனதே, அந்த வருஷம். அதுவரை எங்கள் கேட்டைத் திறந்து உள்ளே வராதவர்களெல்லாம் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வந்தார்கள். பார்த்தது எல்லாம் மரத்தைத்தான்.

வாங்க வருகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "மருந்தடிக்காத காய்ங்கிறதுக்காகத்தான் உங்ககிட்ட வாங்குறோம்" என்பார்கள். நாங்களும் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்துத் தெளிப்பது, சாம்பல் தூவுவது என்பதோடு சரி. ஆனால் கத்திரிக்காயில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பளபளவென்று இருப்பதை எடுப்பார்கள். பூச்சியும் தின்னக் கூடாது, மருந்தும் அடிக்கக் கூடாது என்றால் பூச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசித்தான் அனுப்ப வேண்டும். சொத்தைக் கத்திரி எல்லாம் எங்கள் வீட்டுக் குழம்புக்கு. மூன்று வருஷமாக நல்ல கத்திரிக்காயை நாங்கள் கண்ணால் பார்ப்பதோடு சரி.

புடலையும் அப்படித்தான், வளைந்திருந்தால் யாரும் தொட மாட்டார்கள். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் அதன் நுனியில் நூலில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கல் பெரிசாக இருந்தால் பிஞ்சு அறுந்து விழும், சிறிசாக இருந்தால் காய் பாம்பாகச் சுருளும். அந்த எடையை அப்பா கையாலேயே தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். மில்லில் முப்பது வருஷம் நூலோடு இருந்தவர். பந்தலுக்கடியில் நின்று, வாயில் நூலைக் கவ்விக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக முடிச்சுப் போடும்போது கூப்பிட்டால் பதில் வராது. காலை வெயிலில் பந்தலின் கீழ் இருபது முப்பது கூழாங்கற்கள் தொங்கி ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் வந்து, "தாத்தா, இது கல்லு காய்க்கிற மரமா?" என்று கேட்டான்.

மயிலைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை திட்டு ஆகிவிடும். தக்காளி நாற்றைக் கொத்தும், முளைத்த கீரையைப் பாத்தியோடு கிளறும். தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல். கல்லெடுத்து எறியக்கூட யோசிக்க வேண்டும். பழைய சேலைகளை வேலி முழுக்கக் கட்டினோம். ஒரு வாரம் பயந்தது. பிறகு சேலைமேலேயே உட்கார்ந்துகொண்டது.

விலைப்பலகை வந்தாலும் அம்மா சிலவற்றை அதில் எழுதவே விடவில்லை. கறிவேப்பிலை விலைக்கு இல்லை, எது வாங்கினாலும் கொசுறு. வேப்பிலையும் துளசியும் விலைக்கு இல்லை. பிள்ளைகளுக்குச் சளி என்று தூதுவளை கேட்டு வருகிறவர்களிடமும், மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கேட்டு வருகிறவர்களிடமும் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் மருந்து பலிக்காது. துக்க வீட்டுக்கு வாழை இலை கேட்டால், இலையை அறுத்துக் கட்டி அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். விளக்கு வைத்த பிறகு யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. கீரை கேட்டு ராத்திரி ஒருவர் வந்தபோது, "ராத்திரி எவன் கீர திம்பான்?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். நான் இவற்றையெல்லாம் நோட்டில் 'விற்காதவை' என்று ஒரு பக்கம் போட்டு எழுதி வைத்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது. அம்மாவின் நாக்கு விலை சொல்லப் பழகவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்குள் ஏற்கெனவே ஒரு விலைப்பலகை இருந்தது, அதை எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

2022ஆம் வருஷக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கட்டுரைகளில் எல்லோரும் மறைப்பது அதைத்தான். வரவு 41,000 ரூபாய் சொச்சம். விதை, எரு, பந்தல் கம்பி, மோட்டார் ஓடிக் கூடுதலாக ஏறிய கரண்ட் பில் எல்லாம் சேர்த்துச் செலவு 7,000. மீதி 34,000. அம்மா ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று மணி நேரம் கொல்லையில் இருக்கிறாள். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு அரசு சொன்ன கூலி 281 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு அது என்றால் மூன்று மணி நேரத்துக்கு 105. வருஷத்துக்கு 38,000 தாண்டுகிறது. அப்பாவின் முடிச்சுகளைச் சேர்க்கவில்லை. ஆக நஷ்டம். இதைக் காட்டியபோது அம்மா நோட்டைப் பார்க்காமலே, "கொல்லைல நிக்கலைன்னா அந்த மூணு மணி நேரம் யாரு எனக்குக் கூலி குடுக்கப்போறா?" என்றாள். அதற்கு எந்தப் பத்தியில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கீரைக்காரம்மாவின் கதையைக் கடைசிக்கு வைத்துவிட்டேன், ஆனால் நடந்தது முன்னால்தான்.

அவர் பக்கத்து ஊர். நினைவு தெரிந்த நாளிலிருந்து காலை ஆறரை பஸ்ஸில் கூடையோடு இறங்கி, "கீரே… அரக்கீர, சிறுகீர, மொளக்கீரே…" என்று எங்கள் தெருவுக்குள் வருவார். ஊரடங்கில் பஸ் நின்றது, அவரும் நின்றுபோனார். தெரு எங்கள் பக்கம் திரும்பியதே அதனால்தான், அதை அப்போது நான் யோசிக்கவில்லை. பஸ் மறுபடி ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அதே குரல் கேட்டது. தெருக்கோடி வரை போய் அப்படியே திரும்பி வந்தது. எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றார். சிலேட்டு அவருக்குப் படிக்க வராது. திண்ணையில் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தார். "நீயும் கீர யாவாரம் ஆரம்பிச்சுட்டியா தாயி?" என்றார். கோபம் எல்லாம் இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். கூடையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

போட்டி என்றால் அப்படித்தான் இருக்கும், அவரிடம் வாங்காமல் நம்மிடம் வாங்குவது வாங்குகிறவர் இஷ்டம் என்று நான் அம்மாவிடம் வாதாடினேன். அம்மா பதிலுக்கு அப்பாவின் மில் கதவடைத்த வருஷத்தைச் சொன்னாள். எனக்கு அப்போது ஆறு வயது. எட்டு மாதம் சம்பளம் இல்லை. அந்த வருஷம் மழையும் இல்லை, கிணறு வற்றிக் கொல்லையே காய்ந்து கிடந்தது. கீரைக்காரம்மா தினமும் ஒரு கட்டை வாசலில் வைத்துவிட்டு, காசு கேட்காமல், நிற்கக்கூட நிற்காமல் போய்விடுவாராம். நின்றால் அம்மா 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவாள் என்பதற்காக.

மறுநாள் சிலேட்டில் கீரை என்ற வரியை அம்மா ஈரத் துணியால் துடைத்துவிட்டாள்.

அன்று முதல் எங்கள் கீரை முழுவதும் கீரைக்காரம்மாவின் கூடைக்குத்தான். வாசலில் பதினைந்து ரூபாய்க்குப் போன கட்டு இப்போது எட்டு ரூபாய். என் நோட்டுக்கு இது கசப்புதான். ஆனால் மாட்டுக்குப் போவது நின்றது, எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றிவிடுவார். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதும் இன்னும் இரண்டு ஊர் சேர்த்துக்கொண்டார். எங்களுக்கு வேலையும் கற்றுக்கொடுத்தார். கட்டை எங்களைவிட அழகாகப் போடுவார்: வாழைநாரை நனைத்து, தண்டுகளைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி அடியைச் சமன்படுத்தி, நாரை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே முறுக்கு. முடிச்சே கிடையாது. "முடிச்சுப் போட்டா வாங்குற புள்ளைக்கு அவுக்க நேரமாகும்ல" என்பார். வேர் மண்ணை உதறலாம், கழுவக் கூடாது, கழுவினால் மதியத்துக்குள் அழுகும். ஈரச் சாக்குக்கு அடியில் வேர் உள்பக்கமாக வட்டமாக அடுக்க வேண்டும்.

எங்கள் கீரைக்குப் போணி நன்றாக ஆகிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தெருவில் முதல் கட்டு விற்ற காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்புச் சுருக்குப் பையில் தனியாகப் போட்டுவைப்பார், மற்ற காசோடு சேர்க்க மாட்டார்.

போன மாதம் விதை விலை ஏறிவிட்டது, எரு விலை ஏறிவிட்டது, கட்டுக்கு ஒரு ரூபாயாவது கூட்டிக் கேள் என்று அம்மாவை ஒரு வாரமாக நச்சரித்துத் தயார்செய்திருந்தேன். காலையில் கீரைக்காரம்மா இருபத்திரண்டு கட்டை எண்ணிக் கூடையில் அடுக்கிவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்தபடி, "எவ்வளவு தாயி?" என்றார். நான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கவனித்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பாத்தியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"பாத்துக் குடுக்கா" என்றாள்.

கீரைக்காரம்மா தலைக்கு ஏற்றிய கூடையை மறுபடி திண்ணையில் இறக்கி வைத்தார்.

"பாத்துலாம் குடுக்க முடியாது தாயி. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெலையச் சொல்லு."